முதலிடம் ஆருக்கு?

டொப் டென் போட்டு அடிபடுகிறது எங்கட தலைமுறையின்ர கண்டுபிடிப்பு இல்லை. லண்டனில் வெளிவரும் 'சைட் அண்ட் சவுண்ட்' சினிமா சஞ்சிகை 1952இலிருந்து பத்து வருசத்துக்கு ஒருக்கா விமர்சகர்களிடம் வாக்குக் கேட்கிறது. முதல்முறை வென்றது 'பைசிக்கிள் தீவ்ஸ்'. 1962 தொடக்கம் 2002 வரை 'சிட்டிசன் கேன்'. 2012இல் 'வெர்ட்டிகோ'.

2022இல்தான் பெரிய குழப்பம். ஷான்டல் அகர்மனின் 1975ஆம் ஆண்டுப் படம் 'ஜான் டீல்மன்' முதலிடம். எழுபது வருசத்தில் ஒரு பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மூன்று மணித்தியாலத்துக்கும் மேலாக ஒரு விதவைத் தாயின் வீட்டுவேலை. (உருளைக்கிழங்கு உரிக்கிற இடத்தில எனக்கே பொறுமை போனது.) 'டாக்சி டிரைவர்' எழுதிய போல் ஷ்ரேடர், இந்தத் திடீர்ப் பாய்ச்சல் பட்டியலின் நம்பகத்தன்மையையே கெடுக்கிறது என்று முகநூலில் சாடினார்.

படம் மாறேல்லை, வாக்குப் போட்டவைதான் மாறினவை: 2012இல் 846 பேர், 2022இல் 1,639 பேர். அப்படியென்றால் பழைய முதலிடங்கள் மட்டும் தானாக வந்தவையா? அப்போது யாரிடம் கேட்டார்கள் என்பதை மட்டும் நாங்கள் கேட்கிறதில்லை.

2022இன் முதல் 100க்குள் இந்தியப் படம் ஒன்றே ஒன்று: 'பதேர் பாஞ்சாலி', 35ஆவது இடத்தில். என்ர லிஸ்ட்டில அது இரண்டாவது. முதலாவதைச் சொன்னால் அடிக்க வருவீங்கள்.