வாடகைக் கடையிலிருந்து இணையத் திரைக்கு: தமிழகத்தில் திரைப்படப் படிகளின் புழக்கமும் மறைவும் (1982–2020)

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் வீடியோ கேசட் வாடகைக் கடைகள் 1980களில் பரவி, இரண்டாயிரத்திற்குப் பின் படிப்படியாக மறைந்தன. இம்மறைவைத் தொழில்நுட்ப வளர்ச்சியின் இயல்பான விளைவாகக் காண்பதே பொதுவழக்கு. படத்தின் படியை யார் வைத்திருந்தனர், எந்தச் சட்டத்தின்கீழ் வைத்திருந்தனர் என்னும் வினாக்களின் வழி இக்கட்டுரை அதனை அணுகுகிறது. கடைகளோடு மறைந்தது ஒரு வணிகம் மட்டுமன்று. பொதுமக்கள் கைவசமிருந்த ஓர் ஆவணத் தொகுதியும் ஆகும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வீடியோ கேசட், வாடகைக் கடை, பதிப்புரிமை, குறுந்தகடு, இணையத் திரை, ஆவணக்காப்பு.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் தயாரிப்பாளர், நடிகர், அரசியல் ஆகியவற்றை மையமிட்டே எழுதப்பட்டுள்ளது. திரையரங்கை விட்டு அகன்ற பின் ஒரு படம் எவ்வாறு மக்களைச் சென்றடைந்தது என்பது குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது. இக்கட்டுரை அவ்வழிகளைக் காலவரிசையில் தொகுத்து, அவற்றைச் சட்ட மாற்றங்களோடு பொருத்திப் பார்க்கிறது.

டெக்கும் கேசட்டும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியே அரிதாக இருந்த அக்காலத்தில், கேசட்டைவிடக் கருவியே முதன்மையான வாடகைப் பொருளாக இருந்தது. பெட்டியையும் ‘டெக்’ எனப்பட்ட கருவியையும் ஓர் இரவுக்கு எடுத்து, தெருவினர் கூடி இரண்டு மூன்று படங்களை விடியும்வரை காண்பது வழக்கமாயிற்று. ஆகவே வீட்டுத் திரை தொடக்கத்தில் தனிமனித நுகர்வாக அமையவில்லை; அது ஒரு சிறு கூட்டத்தின் நிகழ்வாகவே இருந்தது.

கூட்டமாகப் பார்த்தல் திரையரங்கு வருவாயோடும் கேளிக்கை வரியோடும் மோதியது. தமிழக அரசு 1984இல் வீடியோ கருவி வழியாகத் தொலைக்காட்சித் திரையில் படங்களைக் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பட்டது. வீடியோப் படங்களில் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளரின் அனுமதி பற்றிய அறிவிப்பு, தணிக்கைச் சான்றிதழின் படி ஆகியன திரையில் தோன்றவேண்டும் என அது விதித்தது. இவ்விதியால், இன்று எஞ்சியுள்ள கேசட்டுகள் விநியோக வரலாற்றுக்கு நேரடிச் சான்றுகளாகின்றன.

கடையின் சட்டநிலை

அமெரிக்காவில் வாடகைக் கடைகள் தழைத்தமைக்கு முதல் விற்பனைக் கோட்பாடு துணைநின்றது. முறையாக வாங்கிய படியை, உரிமையாளரின் மறு அனுமதியின்றி வாடகைக்கு விட அது இடமளித்தது. பிளாக்பஸ்டர் போன்ற பெருநிறுவனங்கள் அந்த அடித்தளத்தின்மீதே வளர்ந்தன.

இந்தியாவின் நிலை வேறு. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, படி முன்னரே விற்கப்பட்டிருப்பினும் அதனை வாடகைக்கு விடும் உரிமை திரைப்பட உரிமையாளருக்கே உரியது. வெளிநாட்டுச் சந்தைக்கென உருவான வட்டுகளை இந்தியாவில் வாடகைக்கு விட்டது குறித்து வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் அதனை உரிமை மீறலாகக் கருதியது. விலைகொடுத்து வாங்கிய உண்மையான படியாயினும், உரிமமின்றி வாடகைக்கு விடலாகாது என்பது இதன் பொருள். எனவே உரிமம் பெறாத கடைகள், மக்கள் வழக்கில் ஏற்கப்பட்டும் சட்டத்தில் ஏற்கப்படாத இடைவெளியிலேயே இயங்கின.

மறைவின் படிநிலைகள்

கடைகளின் மறைவு ஒரே நாளில் நிகழவில்லை. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டதும், உள்ளூர்க் கேபிள் இயக்குநர்கள் கேசட்டிலிருந்து படங்களை ஒளிபரப்பியதும் முதல் அடி. முன்பு ஒரு வீட்டுக்குச் சென்ற கேசட் இப்போது ஒரே இரவில் ஊர் முழுவதும் சென்றது. இரண்டாம் அடி குறுந்தகடு. படியெடுக்கும் செலவு சரிந்ததால், வாடகைக்கும் விலைக்குமான இடைவெளி சுருங்கியது. திருட்டுக் குறுந்தகடு பெருகவே, 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்பிற்குள் வீடியோத் திருட்டில் ஈடுபடுவோரும் கொண்டுவரப்பட்டனர். 2007ஆம் ஆண்டளவில் மோசர் பேர் நிறுவனம் உரிமம் பெற்ற வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டுப் படிக்கு எதிரான இவ்விலை, வாடகை வணிகத்தின் தேவையையும் குறைத்தது.

அடுத்த கட்டத்தில் திரையுலகினரே கடையின் இடத்தை நிரப்ப முயன்றனர். 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்கிற்கு முன்பே நேரடி ஒளிபரப்பு இணைப்புகளில் வெளியிடும் கமல்ஹாசனின் திட்டம், திரையரங்கு உரிமையாளர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2015இல் இயக்குநர் சேரன் தம் படத்தை வட்டாக வீடுகளுக்கே கொண்டுசெல்லும் ‘சினிமா டு ஹோம்’ முயற்சியைத் தொடங்கினார். 2016இல் நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம் ஆகியன இந்தியாவில் சேவையைத் தொடங்கின. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக இணையத்தில் வெளியானது. ஏழாண்டுகளுக்கு முன் தடைப்பட்ட வழி அப்போது திறந்தது.

படியிலிருந்து அனுமதிக்கு

கேசட்டும் வட்டும் கைமாறும் பொருள்கள். இணையத் திரையில் பார்வையாளர் பெறுவது பொருளன்று, காலவரம்புடைய அனுமதி. நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்தால் படம் பட்டியலிலிருந்து நீங்கும். பெரும் வரவேற்புப் பெறாத பழைய படங்கள் பட்டியலில் இடம்பெறாமலே போகவும் கூடும்.

இதன் விளைவை முந்தைய வரலாறு உணர்த்துகிறது. 1931இல் வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் படி இன்று கிடைக்கவில்லை. மாறாக, மௌனப்படமான ‘மார்த்தாண்ட வர்மா’, பதிப்புரிமைத் தகராறால் முடங்கித் திருவனந்தபுரத்துப் பதிப்பகமொன்றின் வசம் கிடந்தமையால் எஞ்சி, பின்னர்ப் புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்தது. காப்பதற்கென்று வைக்கப்படாத படியும் காக்கப்படலாம். படியே இல்லாதது காக்கப்பட வழியில்லை. கடைகளின் அலமாரிகள் அத்தகைய, திட்டமிடப்படாத காப்பகங்களாக இருந்தன.

இங்கு 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் கவனத்திற்குரியது. முறையாகப் பெற்ற திரைப்படப் படியை, இலாப நோக்கற்ற நூலகமோ கல்வி நிறுவனமோ இலாப நோக்கின்றி இரவல் தருவது ‘வணிக வாடகை’ ஆகாது என அது வரையறுத்தது. வாடகைக் கடைக்குக் கிடைக்காத சட்டப் பாதுகாப்பு, பல்கலைக்கழக நூலகத்திற்குக் கிடைத்துள்ளது. ஆனால் இரவல் தருவதற்குக் கையில் படி இருக்கவேண்டும். இணையத் திரைச் சந்தா அத்தகைய படி எதனையும் தருவதில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், திரைப்படம் மக்களைச் சேரும் வழிகள் விரிந்த அதே காலத்தில், மக்களிடம் தங்கும் படிகள் அருகின என்பது பெறப்படுகிறது. இன்று எஞ்சியுள்ள கேசட்டுகளுக்குக் காலம் குறைவு. காந்த நாடா ஈரப்பதத்தால் பூஞ்சை பிடிக்கும். ஃபுனாய் நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்தியபின் புதிய கருவிகளும் வருவதில்லை. தமிழியல் துறைகள் ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தது போன்று, மூடப்பட்ட கடைகளின் கேசட்டுகளையும் முறையான வட்டுகளையும் வாடகைப் பதிவேடுகளையும் தொகுக்க முன்வரவேண்டும். எந்த ஊர் எந்தப் படத்தை மீண்டும் மீண்டும் விரும்பிப் பார்த்தது என்பதற்கு, வசூல் விளம்பரங்களைவிட அப்பதிவேடுகளே நம்பத்தகுந்த சான்றுகளாகும்.