பச்சை நிறமாக மாறிய வீட்டு நீச்சல்குளம்: உடல்நல அபாயங்களும் தூய்மைப்படுத்தும் முறையும்

வீட்டு நீச்சல்குளத்தின் நீர் பச்சை நிறமாக மாறுவது, அந்நீரில் கிருமிநாசினி செயலிழந்துவிட்டது என்பதற்கான அடையாளமாகும். பச்சை நிறத்தைத் தரும் பாசி பெரும்பாலும் நோயை உண்டாக்குவதில்லை. ஆனால், பாசி தழைக்கும் அளவுக்குக் குளோரின் குறைந்த நீரில் நோய்க்கிருமிகளும் தடையின்றிப் பெருகும். எனவே, இதை அழகு சார்ந்த குறையாகக் கருதாமல், வீட்டின் பொது சுகாதாரப் பிரச்சினையாகக் கருத வேண்டும்.

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பம், ஆவடி, அம்பத்தூர் போன்ற புறநகர்ப் பகுதிகளில் நீச்சல்குளத்துடன் கூடிய வீட்டைப் புதிதாக வாங்கியோருக்கும், நோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரிப்போருக்கும் உதவும் வகையில் இவ்விளக்கம் தரப்படுகிறது.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

குளத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரியாத வரை எவரும் நீரில் இறங்கக் கூடாது. பச்சை நீரின் முதல் ஆபத்து கிருமி அன்று, மூழ்குதலே ஆகும். தெளிந்த நீரில் விழுந்த குழந்தை உடனே கண்ணில் படும். கலங்கிய நீரிலோ, அருகில் நின்று தேடுபவருக்குக்கூட அடியில் கிடக்கும் குழந்தை தெரியாது. குளத்தின் நான்கு புறமும் வேலியும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் அமைப்பது அவசியம். அதுவரை, குளத்திற்குச் செல்லும் வழியைப் பூட்டி வைக்க வேண்டும். குளத்தின் அருகே குழந்தைகளைத் தனியே விடக் கூடாது.

நீர் ஏன் பச்சையாகிறது?

பாசியின் நுண்வித்துகள் காற்றிலும் மழைநீரிலும் எப்போதும் உள்ளன. நீரில் குளோரின் போதிய அளவு இருக்கும் வரை அவை வளர்வதில்லை. பின்வரும் காரணங்களால் குளோரின் குறைகிறது:

• வெயில்: சூரிய ஒளி குளோரினைச் சிதைக்கிறது. பாதுகாப்புப் பொருள் சேர்க்கப்படாத நீரில், காலையில் இட்ட குளோரினின் பெரும்பகுதி மாலைக்குள் வீணாகிவிடும்.
• மழை: மழைநீருடன் இலை, மண், தூசி ஆகியவை சேர்ந்து குளோரினைத் தீர்த்துவிடும்.
• நீரோட்டமின்மை: பம்பு நின்றாலோ வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ, கோடைக் காலத்தில் இரண்டு மூன்று நாட்களிலேயே நீர் பச்சையாகலாம்.
• உயர்ந்த பி.எச். அளவு: பி.எச். 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழப் பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8.0 ஆகும்போது ஏறத்தாழக் கால் பங்கே அவ்வாறு இருக்கும்.
• பொருந்தாத வேதிப்பொருள்: 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டியின்போது, ஆகஸ்டு 9ஆம் நாள் டைவிங் குளத்தின் நீர் பச்சையாக மாறியது. சில நாட்களுக்கு முன் அதில் ஊற்றப்பட்ட 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு, நீரிலிருந்த குளோரினைச் செயலிழக்கச் செய்ததே இதற்குக் காரணம் எனத் தெரிவிக்கப்பட்டது. உலகத்தரம் வாய்ந்த குளத்திற்கே இது நேர்ந்தது என்பதால், பெயர் தெரியாத பொருளைப் பிறர் சொல்வதை மட்டும் நம்பி நீரில் சேர்க்கக் கூடாது.

பாசியா, இரும்பா?

ஆழ்துளைக் கிணற்று நீரோ லாரி நீரோ நிரப்பப்பட்ட குளங்களில், நீரிலுள்ள இரும்பும் பச்சை அல்லது பழுப்பு நிறத்தைத் தரக்கூடும். இதை அறிய, வெள்ளை வாளி ஒன்றில் குளத்து நீரை எடுத்துச் சிறிதளவு திரவக் குளோரின் சேர்த்து ஒரு மணி நேரம் வைக்கவும். பச்சை வெளுத்தால் அது பாசி. நீர் துரு நிறத்திற்கு மாறினால் அது இரும்பு. இரும்பு கலந்த நீருக்கு மேலும் மேலும் குளோரின் இடுவதால் பயனில்லை. நீரைப் பரிசோதனைக்கூடத்தில் சோதித்து, அதற்கேற்பச் சுத்திகரிக்க வேண்டும்.

ஏற்படக்கூடிய நோய்கள்

• காது, தோல், கண்: வெளிக்காதில் அழற்சி, சீழ், கடும் வலி, மயிர்க்கால்களில் கொப்புளம், கண் சிவத்தல். கான்டாக்ட் லென்ஸ் அணிந்து குளிப்போருக்கு அமீபாவால் கருவிழிப் புண் ஏற்பட்டுப் பார்வை பாதிக்கப்படலாம்.
• வயிறு: மாசடைந்த நீரை விழுங்குவதால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை வரலாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, வழக்கமான குளோரின் அளவிலும் ஒரு வாரத்திற்கு மேல் உயிருடன் இருக்கும். ஆதலால், வயிற்றுப்போக்கு உள்ளவர் எவ்வளவு தெளிந்த குளத்திலும் இறங்கக் கூடாது.
• எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த நீர், தோலிலுள்ள காயம் வழியாகக் கிருமியைச் செலுத்தும். வெள்ளநீர் புகுந்த குளங்களில் இந்த அபாயம் அதிகம்.
• அமீபா மூளைக்காய்ச்சல்: வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா பவுலேரி என்ற அமீபா, மூக்கின் வழியாக மூளையை அடைகிறது. நீரைக் குடிப்பதால் இந்நோய் வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதும் இல்லை. மிக அரிதான நோய் எனினும், பெரும்பாலும் உயிரிழப்பில் முடிகிறது. 2024ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை கேரளத்தில் மூன்று குழந்தைகள் இவ்வகை நோயால் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து, நீச்சல்குளங்களில் முறையாகக் குளோரின் இட்டுப் பராமரிக்க வேண்டுமெனத் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அதே ஜூலை மாதத்தில், நோய் விரைவாகக் கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெற்ற கோழிக்கோடு மாவட்டச் சிறுவன் ஒருவன் உயிர் பிழைத்தான். காலந்தாழ்த்தாமை எத்தனை முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது.
• கொசு: கைவிடப்பட்ட குளம் ஆயிரக்கணக்கான கொசுக்களை உற்பத்தி செய்யும். வெப்பமான காலத்தில் முட்டை ஏழு முதல் பத்து நாட்களில் கொசுவாகிவிடும். 2007இல் அமெரிக்காவின் பேக்கர்ஸ்பீல்டு நகரில், கடன் கட்ட இயலாமல் மக்கள் விட்டுச்சென்ற வீடுகளின் பச்சை நீச்சல்குளங்கள் வெஸ்ட் நைல் காய்ச்சல் பரவலுக்குத் துணைபுரிந்தன.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், காலில் புண் உள்ள நீரிழிவு நோயாளிகள், ஆறாத காயம் அல்லது சிறுநீர்க் குழாய் உள்ளோர் ஆகியோர், நீர் தெளிந்த பின்னரும் மருத்துவரின் ஆலோசனையின்றிக் குளத்தில் இறங்கக் கூடாது. ஆஸ்துமா நோயாளிகள், தூய்மைப்பணி நடைபெறும் நாட்களில் குளத்தின் அருகே வராமல் இருப்பது நல்லது. குளத்தை நோக்கிய சன்னல்களையும் மூடி வைக்கவும்.

தூய்மைப்படுத்தும் முறை

1. நீரின் அளவைக் கணக்கிடுதல்: நீளம், அகலம், சராசரி ஆழம் ஆகியவற்றை மீட்டரில் பெருக்கி, 1000ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் சராசரி ஆழம் உள்ள குளத்தில் 38,400 லிட்டர் நீர் இருக்கும்.

2. குப்பையை அகற்றுதல்: இலை, சேறு ஆகியவற்றை வலையால் அள்ளவும். குப்பை கிடக்கும் நீரில் இடும் குளோரின் குப்பைக்கே செலவாகும்.

3. பரிசோதித்தல்: சோதனைப் பெட்டியைக் கொண்டு பி.எச்., குளோரின், சயனூரிக் அமிலம் ஆகியவற்றை அளக்கவும். குளோரின் இடும் முன் பி.எச். 7.2 முதல் 7.4 வரை இருக்குமாறு திருத்தவும். குளோரின் மிகுந்த நீரில் பி.எச். சோதனை தவறான முடிவைக் காட்டும் என்பதால் இவ்வரிசையை மாற்றக் கூடாது. அமிலம் சேர்த்த பின் பம்பைச் சில மணி நேரம் ஓடவிட்ட பிறகே குளோரின் இட வேண்டும்.

4. அதிக அளவு குளோரின் இடுதல்: சூரியன் மறைந்த பின் இடவும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவை எட்ட, மேற்கண்ட 38,400 லிட்டர் குளத்திற்கு 384 கிராம் குளோரின் தேவை. அதற்கு,
• 10 சதவீதத் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்டு எனில் சுமார் 3.8 லிட்டர்;
• 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட்டு எனில் சுமார் 590 கிராம்;
• 30 சதவீதப் பிளீச்சிங் பவுடர் எனில் சுமார் 1.3 கிலோ.
கரும்பச்சை நீருக்கு இதைப் போல் இருமடங்கு, மும்மடங்கு தேவைப்படலாம். கடின நீருக்குத் திரவ வடிவமே ஏற்றது. மற்ற இரண்டும் சுண்ணாம்புத் தன்மையைக் கூட்டும். திரவக் குளோரினும் பிளீச்சிங் பவுடரும் வெப்பத்தில் வீரியம் இழப்பதால், தயாரித்த தேதியைப் பார்த்துப் புதியதாக வாங்கவும்.

5. தேய்த்தலும் வடிகட்டுதலும்: சுவர், படிக்கட்டு, ஏணியின் பின்புறம் ஆகியவற்றை நாள்தோறும் தூரிகையால் தேய்க்கவும். பம்பை 24 மணி நேரமும் ஓடவிடவும். வடிகட்டியின் அழுத்தம், சுத்தமாக இருந்தபோது காட்டிய அளவைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. உயர்ந்தால் பின்னோக்கிக் கழுவவும். இதை விட்டுவிட்டு மருந்தை மட்டும் கூட்டுவதே பலர் வாரக்கணக்கில் பச்சை நீருடன் போராடுவதற்குக் காரணம்.

6. தொடர்தல்: குளோரின் குறையும்போதெல்லாம் மீண்டும் இட்டு அதே அளவில் நிறுத்தவும். பச்சை நிறம் முதலில் சாம்பல் கலந்த வெண்மையாக மாறும். இது பாசி மடிந்ததன் அறிகுறி. படிந்த கசடை உறிஞ்சி வெளியேற்றவும். முழுமையாகத் தெளிய மூன்று நாள் முதல் ஒரு வாரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம்.

7. முடிவை உறுதிசெய்தல்: இரவில் ஒருமுறையும் சூரிய உதயத்திற்கு முன் ஒருமுறையும் குளோரினை அளக்கவும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் குறையாவிட்டால், நீரில் பாசி எஞ்சவில்லை எனக் கொள்ளலாம்.

குளோரின் மாத்திரைகள் பற்றிய எச்சரிக்கை

கடைகளில் எளிதில் கிடைக்கும் 90 சதவீத மாத்திரைகள், குளோரினுடன் சயனூரிக் அமிலத்தையும் நீரில் சேர்க்கின்றன. லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் சேரும்போது, 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலமும் சேரும். இது வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். ஆனால் அளவு மிகுந்தால் குளோரினின் வேகத்தைக் கட்டிப்போடும். சயனூரிக் அமிலம் 50 மில்லிகிராம் உள்ள நீரில் பாசியை அழிக்க 20 மில்லிகிராம் வரை குளோரின் தேவைப்படலாம். இது தானாகக் குறையாது. 100ஐத் தாண்டினால், நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் நிரப்புவதே வழி.

வேதிப்பொருட்களைக் கையாளும்போது

• குளோரினையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும்.
• மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் தீப்பற்றலாம், வெடிக்கலாம். ஒரே கரண்டியையோ வாளியையோ இரண்டிற்கும் பயன்படுத்தக் கூடாது.
• நீரில் மருந்தை இட வேண்டும். மருந்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது.
• கையுறை, கண்ணாடி அணிந்து, காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று வேலை செய்யவும். இந்த விதிகளைப் பணியாளருக்கும் விளக்கிச் சொல்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு.
• குடிநீர்ப் புட்டிகளில் மருந்தை ஊற்றி வைக்கக் கூடாது.

முதலுதவி: கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவவும். வாயுவைச் சுவாசித்தவரை உடனே காற்றோட்டமான இடத்திற்குக் கொண்டு செல்லவும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயுவைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் தோன்றலாம் என்பதால், அவரை மருத்துவமனையில் கண்காணிப்பில் வைப்பது அவசியம்.

நீர் முழுவதையும் வடிக்கலாமா?

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும். அப்போது குளத்தை முழுவதும் காலிசெய்தால், அடியிலிருந்து மேல்நோக்கி எழும் நீரின் அழுத்தத்தால் தளம் வெடிக்கலாம், குளமே மேலெழும்பலாம். வெளியேற்றும் நீரைத் தெருவிலோ, மழைநீர் சேகரிப்புக் குழியிலோ, ஏரி, ஆறுகளிலோ விடக் கூடாது. மழைநீர்க் குழியில் விடும் கழிவுநீர், அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கே சென்று சேரும்.

எப்போது குளிக்கலாம்?

ஆழமான பகுதியின் அடியிலுள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். பி.எச். 7.2 முதல் 7.8 வரையும், குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும் இருக்க வேண்டும். சயனூரிக் அமிலம் உள்ள நீரில் குளோரின் 2க்குக் குறையக் கூடாது. குளத்தில் இறங்கும் முன் சோப்பிட்டுக் குளிப்பதும், நீர் மூக்கினுள் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் நல்ல பழக்கங்கள்.

குளத்தைச் சில மாதங்களுக்குப் பயன்படுத்தப் போவதில்லை எனினும், பம்பை நாள்தோறும் ஓட்டிக் குளோரின் இட வேண்டும். இயலாவிடில், கொசுப்புழு ஒழிப்புக்காக உள்ளாட்சி அமைப்பின் சுகாதாரப் பணியாளரை அணுகவும். தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், 1939இன்படி, தம் வளாகத்தில் கொசு உற்பத்தியாகாமல் காப்பது உரிமையாளரின் கடமையாகும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

குளித்த 1 முதல் 12 நாட்களுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லவும். “இத்தனை நாட்களுக்கு முன் இன்ன இடத்தில் குளித்தார்” என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லவும். நோயைக் கண்டறிய அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.

காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் அல்லது மஞ்சள் காமாலை இருந்தாலும், காதில் சீழ் வடிந்தாலும், வயிற்றுப்போக்கு இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தாலும், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகவும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணிலும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.