கருவியின் குறையை எழுதிவைத்தவர்கள்

மென்பொருள் கருவிகளுக்கு விளக்கம் எழுதும் வழக்கத்தின் வரலாற்றில் 1971 குறிப்பிடத்தக்க ஆண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஆவணங்கள் அவ்வாண்டில் அமெரிக்காவில் வெளிவந்தன. ஒன்று மனிதர் படிப்பதற்கானது. மற்றொன்று இயந்திரம் படிப்பதற்கான விளக்கமுறையை வகுத்தது. செயற்கை நுண்ணறிவு முகவர்கள் கையாளும் கருவிகளை எப்படி ஆவணப்படுத்துவது, எப்படி மதிப்பிடுவது என்று இன்று நடைபெறும் விவாதத்தின் வேர்கள் இவ்விரண்டிலும் உள்ளன.

முதலாவது, பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் நிரலாளர் கையேடு. அதன் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே அமைப்பிலான பக்கம்: பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள். அவற்றோடு மேலும் இரண்டு தலைப்புகள் இருந்தன: ‘பிழைகள்’, ‘உரியவர்’. கருவி எங்கே தவறும் என்பதை அதை ஆக்கியவர்களே எழுதினார்கள். இடர் நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதும் அங்கேயே இருந்தது. குறையை ஒப்புக்கொள்வது ஆவணத்தின் நிலையான உறுப்பாக இருந்தது.

இரண்டாவது, கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஃபைக்ஸும் நில்ஸ் நில்சனும் வெளியிட்ட ‘ஸ்ட்ரிப்ஸ்’ திட்டமிடல் முறை. ஷேக்கி என்னும் நகரும் எந்திரனுக்காக உருவானது. எந்திரன் செய்யக்கூடிய ஒவ்வொரு செயலுக்கும் மூன்று குறிப்புகள் தரப்பட்டன: செயலைத் தொடங்க எந்த நிலை வேண்டும், செய்தபின் எது உண்மையாகும், எது பொய்யாகும். பெட்டியைத் தள்ளவேண்டுமெனில் முதலில் எந்திரன் பெட்டியருகே இருக்கவேண்டும். இவ்விளக்கத்தைக் கொண்டே இயந்திரம் திட்டம் வகுத்தது. ஆனால் விளக்கம் சொன்னபடி உலகம் நடந்துகொள்ளாது என்பதை ஆய்வாளர்கள் அறிந்திருந்தனர். எனவே நிறைவேற்றத்தைக் கண்காணிக்க ‘பிளானெக்ஸ்’ என்ற தனி நிரலை எழுதினார்கள்.

குறையைப் பதிவுசெய்தல், நிறைவேற்றத்தைச் சரிபார்த்தல் ஆகிய இவ்விரு மரபுகளும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன. இணையச் சேவைகளின் விளக்கங்களை நிரல்களே தேடிக் கண்டுபிடிக்கும் என்ற நம்பிக்கையில் 2000இல் யுடிடிஐ என்னும் பொதுப் பதிவேடு அறிவிக்கப்பட்டது. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி ஆகியவை நடத்திவந்த அதன் பொதுப் பதிவகங்கள் 2006இல் மூடப்பட்டன. உள்ளீட்டின் வடிவத்தை இயந்திரம் அறிந்துகொண்டது. சேவையின் பொருளை அறியவில்லை.

பெருமொழி மாதிரிகள் இந்த இடைவெளியை வேறு வழியில் நிரப்பின. 2023இல் டூல்ஃபார்மர் ஆய்வும், ஓப்பன்ஏஐ அறிமுகப்படுத்திய செயற்கூறு அழைப்பு வசதியும் வந்தன. அன்றாட மொழியில் எழுதிய சில வரிகளையும் உள்ளீட்டு வடிவத்தையும் படித்துவிட்டு மாதிரியே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை பரவியது. மனிதருக்கான உரைநடை இயந்திரத்துக்கான கட்டளையாகிவிட்டது. ஆகவே விளக்கத்தை விலக்கிவிட்டுக் கருவியை மட்டும் மதிப்பிடுதல் இனி இயலாது. நன்றாக இயங்கும் கருவியும் தெளிவற்ற விளக்கத்தால் தவறாக அழைக்கப்படும்.

மதிப்பீட்டு ஆய்வுகள் இதனைப் படிப்படியாக வெளிக்கொணர்ந்தன. 2023இல் பெர்க்லியின் கொரில்லா ஆய்வு, மாதிரிகள் இல்லாத ஏபிஐகளைக் கற்பனையாக அழைப்பதை அளந்தது. அதே ஆண்டில் டூல்பெஞ்ச் 16,464 ஏபிஐகளைத் திரட்டியது. அவை மாறுவதாலும் மறைவதாலும் முடிவுகளை மீண்டும் பெற முடியாமற்போக, அடுத்த ஆண்டு ஸ்டேபிள்டூல்பெஞ்ச் போலிச் சேவையகத்தை அமைத்துச் சோதிக்க நேர்ந்தது. 2024இல் வந்த டௌ-பெஞ்ச் ஒரே பணியைப் பலமுறை கொடுத்துப் பார்த்தது. சில்லறை வணிகப் பணிகளில், எட்டு முறையும் தவறாமல் வெல்லும் விகிதம் அன்றைய முன்னணி மாதிரிக்கே 25 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தது. ஒருமுறை வென்றது என்பது நம்பகத்தன்மைக்குச் சான்றாகாது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை கருவி விளக்கத்துக்குப் பொது வடிவம் தந்தது. பின்வந்த திருத்தத்தில் ‘படிப்பது மட்டும்’, ‘அழிக்கக்கூடியது’ போன்ற குறிப்புகளுக்கும் இடம் கிடைத்தது. நம்பகமான சேவையகத்திலிருந்து வராத குறிப்புகளை நம்பலாகாது என அந்நெறிமுறையே எச்சரிக்கிறது. காரணம் எளிது: விளக்கத்தை எழுதுபவர் கருவியை வழங்குபவர். விளக்கத்துக்குள் மறைவான கட்டளைகளைப் புகுத்தி முகவரைத் திசைதிருப்ப முடியும் என்பதை 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்துகாட்டினர்.

எம்சிபி வடிவத்தில் பெயர் உண்டு, விளக்கம் உண்டு, உள்ளீட்டு வரையறை உண்டு. ஆனால் 1971இன் கையேட்டிலிருந்த ‘பிழைகள்’ என்ற தலைப்புக்குத் தனியிடம் இல்லை. இது நம் ஆய்வுகளையும் நேரடியாகத் தொடுகிறது. முகவரைக் கொண்டு தரவைத் திரட்டும் ஆய்வேடு மாதிரியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, அன்றைய விளக்க உரை எது, எத்தனை முறை இயக்கப்பட்டது, எங்கே தவறியது என்பனவும் பதிவாக வேண்டும். இல்லையெனில் அடுத்த ஆண்டு அதே முடிவைச் சரிபார்க்க முனையும் மாணவருக்கு நாம் விட்டுச்செல்வது ஆய்வாக இராது. வெறும் கூற்றாகவே இருக்கும்.