அழகன்குளம் பானை ஓடுகள்

அழகன்குளம், ராமநாதபுரம் மாவட்டத்தில் வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகில் உள்ள கடலோரக் கிராமம். சங்ககாலப் பாண்டியரின் துறைமுகங்களில் ஒன்று. இங்குள்ள கோட்டைமேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87 முதல் பல கட்டங்களாகவும், மீண்டும் 2016-17இலும் அகழாய்வு செய்தது. ரோமானியக் காசுகளும் ஆம்போரா ஜாடித் துண்டுகளும் கிடைத்ததால் ‘ரோமானியத் துறைமுகம்’ என்ற பெயர் இவ்வூருக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் குழிகளில் மிகுதியாகக் கிடைத்தவை உள்ளூர்க் குயவர் வனைந்த பானைகளின் ஓடுகளே. அவர்கள் எதை எண்ணிச் செய்தார்கள் என்பதற்கு அந்த ஓடுகளே சாட்சி.

அவற்றில் முதன்மையானவை கருப்பு சிவப்பு மட்கலங்கள். உட்புறமும் விளிம்பும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. இரண்டு நிறங்களும் சாயத்தால் வந்தவை அல்ல. கலத்தைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோல், இலைதழை போன்றவற்றை அடைத்துச் சூளையில் வைத்திருப்பார்கள் என்பது பரவலான விளக்கம். காற்றுப் புகாத உட்பகுதியில் கரியேறும். காற்றுப் படும் வெளிப்பகுதியில் களிமண்ணில் உள்ள இரும்பு சிவக்கும். ஒரே மண்ணில், நெருப்பையும் காற்றையும் கட்டுப்படுத்தி இரு நிறம் கொண்டுவருவது தற்செயலாக அமைவதல்ல. சுடுவதற்கு முன்பே மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றியிருப்பதும் அதே கவனத்தைக் காட்டுகிறது. கரியேறி வழவழப்பான உட்புறம் நீரை எளிதில் உறிஞ்சாது. அழகும் பயன்பாடும் இதில் பிரிந்து நிற்கவில்லை.

ரௌலட்டட் மட்பாண்டம் வேறு கைகளின் வேலை. நன்கு அரித்தெடுத்த மண், மெல்லிய சுவர், உட்புற அடித்தளத்தில் வட்டவட்டமாகப் புள்ளி வரிசைகள். 1945இல் அரிக்கமேட்டில் இதைக் கண்ட மார்டிமர் வீலர் மத்தியதரைக் கடல் நாடுகளோடு தொடர்புபடுத்தினார். பின்னர் விமலா பெக்லி இது இந்திய வகையே என வாதிட்டார். வி. டி. கோக்தே 1997இல் வெளியிட்ட எக்ஸ் கதிர் ஆய்வு, இதன் மண் வங்காளத்தின் சந்திரகேதுகர் - தாம்லுக் பகுதியைச் சேர்ந்தது என்றது. இதே வகை இலங்கையின் அனுராதபுரத்திலும் பாலித் தீவிலும் கிடைத்துள்ளது.

அழகன்குளத்தில் கிடைத்த இவ்வகை ஓடு ஒன்றில் கப்பல் கீறப்பட்டுள்ளது. பண்டைக் கப்பல் வரலாற்றறிஞர் லயனல் காசன் அதை மூன்று பாய்மரங்கள் கொண்ட ரோமானியப் பெருங்கப்பல் வகை என அடையாளம் கண்டார். பானை ஓட்டுக் கீறல்களில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஈரமண்ணில் இட்ட கோடு வனைந்தவருடையது. சுட்ட பின் கீறியது பெரும்பாலும் கலத்தை வைத்திருந்தவருடையது. ஓரம் உதிர்ந்து சொரசொரப்பாக இருந்தால் அது சுட்ட பின் வந்த கோடு. தமிழகத்தில் கிடைக்கும் தமிழிப் பெயர்ப் பொறிப்புகளில் மிகுதியானவை இத்தகையவை. கோக்தேயின் முடிவு இந்தத் தட்டுக்கும் பொருந்துமானால், வங்காளத்தில் வனைந்த தட்டில் மேற்குக் கடலிலிருந்து வந்த கப்பலை யாரோ ஒருவர் வரைந்திருக்கிறார். அவர் குயவரா, மாலுமியா, கரையில் வேடிக்கை பார்த்த சிறுவனா? எப்படியிருந்தாலும் பாய்மரங்களை எண்ணி வரைந்த கை அது. இந்த ஓட்டை ரோமானிய வணிகத்தின் சான்றாக மட்டும் பார்ப்பது குறையான பார்வை என்றே தோன்றுகிறது.

இதே மாவட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள பெரியபட்டினத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு மண் வந்து இறங்கியது. 1980களில் நொபொரு கராஷிமா உள்ளிட்டோர் நடத்திய ஆய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன; பச்சை மெருகிட்ட செலடான் வகையும் அவற்றில் உண்டு. 1200 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டிய அந்தத் தொழில்நுட்பத்தை இங்குள்ள குயவர்கள் கைக்கொள்ளவில்லை. பீங்கானுக்கு உரிய வெண்களிமண்ணும் மூடிய பெருஞ்சூளையும் வேண்டும். கண்மாய்க் களிமண் அந்தச் சூட்டில் உருக்குலைந்துவிடும். பீங்கான் தட்டு வந்திறங்கிய அதே ஊர்களில் சோறு பொங்கியதும் தண்ணீர் குளிர்ந்ததும் மெருகிடாத மண்பானையில்தான்.

இவ்விரு ஊர்களின் தொல்பொருட்களை ராமநாதபுரம் அரண்மனை வளாகத்திலுள்ள ராமலிங்க விலாச அருங்காட்சியகத்தில் காணலாம்.