குரல் யாரை நோக்கி? வேடந்தாங்கலும் மாமல்லபுரம் கடற்கரையும்

தை பிறந்துவிட்டால் மாமல்லபுரத்துக்கு வடக்கே, பட்டிபுலம், நெம்மேலி மணலில் இரவு நடை தொடங்கிவிடும். கரையேறிய பங்குனி ஆமையின் தடம், டிராக்டர் டயர் உருண்டு போனதுபோல அலையிலிருந்து மேலேறி, மறுபடி அலைக்கே இறங்கியிருக்கும். தடத்தின் உச்சியில் மணல் குலைந்து கிடக்கும் இடத்தில் நடப்பவர் ஒரு கம்பியை மெல்ல இறக்கிப் பார்ப்பார். கம்பி சட்டென்று வழுக்கி இறங்கினால் கீழே குழி இருக்கிறது. அதற்குமேல் கைதான் கருவி. பானை வயிறுபோல விரிந்த குழிக்குள் பிங்பாங் பந்து அளவில் சுமார் நூறு முட்டைகள் இருக்கும். அவற்றைப் பையில் எடுத்துப் போய்ப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்தால், 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மணலைப் பிளந்து வெளிவரும்.

இந்த நடைக்கு அரை நூற்றாண்டு வயது. 1970களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணை நண்பர்களும் தொடங்கியதை, 1980களின் இறுதியில் கல்லூரி மாணவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். 2002இல் தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கியது. ஒரு காலத்தில் முட்டை தோண்டி விற்கப்பட்ட குப்பங்களிலிருந்து இன்று காவலுக்கு ஆள் வருகிறது. பொதுப் பரப்புரை ஒன்று மக்கள் பழக்கத்தை மாற்றியதற்குத் தமிழகத்தில் இதைவிடத் தெளிவான சான்று காட்டுவது கடினம்.

ஆனால் 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிய உடல்கள் அவை. வலையில் சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் இறந்ததன் அடையாளங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. நூறு முட்டையைக் காப்பாற்றிய கரையிலேயே, அவற்றை இடவேண்டிய தாய் பிணமாகக் கிடந்தது.

பரப்புரை தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் சொல்வது சரியல்ல. அது பேசவேண்டிய ஆள் மாறிவிட்டார் என்பதே இக்கட்டுரையின் வாதம். முட்டைக்கு ஆபத்து கரையிலிருந்த ஏழையின் பசியால் வந்தது. அவரிடம் பேசியது பலித்தது. தாய் ஆமைக்கு ஆபத்து இழுவைப் படகுகளின் முதலீட்டிலிருந்து வருகிறது. அங்கே பேச்சு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

யாரிடம் கேட்கவேண்டும் என்பதைத் தெரிந்து கேட்டவர்கள் இதே மாவட்டத்தில் இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தார்கள். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் நேரே செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவரிடமிருந்து எழுத்துமூலம் கௌல் என்ற உறுதிப் பத்திரமும் வாங்கினார்கள். ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் கூடுகட்டும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் போடும் எச்சம் தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு உரம் தானாக வந்து சேர்கிறது. பறவைமேல் அன்பு இருந்தது உண்மை. கூடவே கழனியின் கணக்கும் இருந்தது. அந்தக் கணக்குதான் தலைமுறை தாண்டியும் அந்த அன்பைத் தாங்கி நிற்கிறது. 1936இல் ஏரி முறையான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

2020இல் அந்தச் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையைச் சுருக்கும் யோசனை வந்தது. எல்லைக்குள் ஒரு மருந்துத் தொழிற்சாலையும் இருந்ததால் எதிர்ப்பு சூடுபிடித்தது. அது ஊரடங்குக் காலம். கூட்டம் கூட வழியில்லை. ஆனாலும் பறவை ஆர்வலர்களும் உள்ளூர் விவசாயிகளும் ஒரே குரலில் அரசிடம் பேசினார்கள். பின்னர் அரசு அந்த யோசனையைக் கைவிட்டது. 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இங்கே கேட்டவர்களுக்கு நிலத்தில் பங்கு இருந்தது. கேட்கப்பட்டவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தது.

இந்த இரண்டும் பொருந்தாத இடத்தில் பாதுகாப்புச் சட்டமே ஏழையின் வயிற்றில் அடித்துவிடும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும், பாம்புத்தோல் விற்றுப் பிழைத்த இருளர் பழங்குடியினரின் தொழிலை ஒரே வீச்சில் நிறுத்தின. தோல் வியாபாரத்தின் லாபம் வேறு கைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்டனை மட்டும் பிடித்தவருக்கு வந்தது. 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அந்தத் தவறுக்கு நடைமுறையில் விடை சொன்னது. வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷம் எடுக்கப்படுகிறது. சில வாரத்தில் பாம்பு மறுபடி வெளியே விடப்படுகிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது. 2023இல் இந்தச் சங்கத்தின் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ பெற்றபோது, குற்றவாளி என்று பார்க்கப்பட்ட அறிவை நாடு அறிவு என்று ஏற்றுக்கொண்டது.

ஆமைக்கு வருவோம். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன் பிடிக்கக்கூடாது என்பது விதி. ஆமை கூடும் இடமும் அதுவே. இழுவைமடியில் பொருத்தும் ஆமை விலக்குக் கருவி ஒரு கம்பிச் சட்டகம்தான். இறால் உள்ளே போகும், ஆமை முட்டி மேல்வாசல் வழியே வெளியேறும். மீனும் கொஞ்சம் வெளியேறுகிறது என்பது படகுக்காரர்களின் புகார். அதைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆனால் கருவி போடாததற்கும் விலை உண்டு. இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்க மறுக்கிறது. காரணம் இந்தக் கருவி இல்லாமைதான். ஒரு வெளிநாட்டுச் சந்தை விதித்த நிபந்தனை இந்தத் துறைமுகங்களில் எழுப்பிய பேச்சை, நம் பள்ளி ஊர்வலங்களால் எழுப்ப முடியவில்லை.

இன்னொரு முரண்பாட்டையும் கவனிக்கவேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. மீன் இனப்பெருக்கத்தை மனத்தில் வைத்து வகுத்த நாள்கள் அவை. ஆமை வருவதோ ஜனவரி முதல் ஏப்ரல் வரை. தடை தொடங்கும்போது பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டு முடித்திருக்கும், உயிரோடு இருந்தால். தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அந்த முன்மாதிரியை ஜனவரிக்கும் நீட்டி, விலக்குக் கருவி பொருத்திய படகுக்கு இழப்பீடு, கரையோர 5 கடல் மைலுக்குள் நுழையும் படகின்மீது உறுதியான நடவடிக்கை என்று கேட்கும் மனு மீன்வளத் துறையின் மேசைக்குப் போகவேண்டும். நெம்மேலி மணலில் இரவெல்லாம் கம்பி பிடித்து நடக்கும் மீனவ இளைஞரின் கையெழுத்து அந்த மனுவில் முதலாவதாக இருக்கவேண்டும்.