மேசைக்காலும் 51 சதவீதமும்



மர மேசைக்கு இரும்புக் கால் வெல்டிங் வைப்பதில் என்ன பெரிய வரலாறு இருக்கப் போகிறது என்று கேட்பீர்கள். என் அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். சின்ன வயதிலிருந்து பார்த்ததால் எனக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, ழான் புரூவே பற்றிப் படிக்கும் வரை!

பிரான்சின் நான்சி நகரத்துக்காரர். பிறந்தது 1901. அப்பா விக்டர் புரூவே பெயர் பெற்ற ஓவியர். ஆனாலும் வீட்டில் பணக் கஷ்டம். எஞ்சினியர் ஆக ஆசைப்பட்ட பையன் கொல்லர் பட்டறைக்கு வேலை பழகப் போனான். 1924-ல் நான்சியில் சொந்தப் பட்டறை. முதலில் கேட், கிரில் வேலைகள்தான். அதற்குப் பிறகுதான் மின் வெல்டிங்கும் தகடு மடிக்கும் இயந்திரமும் அவர் கைக்கு வந்தன. கதையே மாறியது.

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் மார்செல் பிராயர் போன்றவர்கள் வளைத்த ஸ்டீல் பைப்பில் நாற்காலி செய்து புகழ் பெற்றிருந்தார்கள். பைப்புக்கு முழு நீளமும் ஒரே கனம். ஆனால் பாரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காதே! நாற்காலியில் சாய்ந்து உட்காரும்போது பின்னங்கால்தான் அதிகம் தாங்குகிறது. எனவே 1934-ல் அவர் வடிவமைத்த நாற்காலியில் முன்னங்காலுக்குப் பைப்பும், பின்னங்காலுக்கு மடித்து வெல்டிங் வைத்த தகடும் போட்டார். உள்ளே வெற்றிடம், பாரம் விழும் இடத்தில் அகலம், முனைகளில் ஒல்லி. மேசைக் கால்களும் இதே கணக்குதான். மேலே மரப்பலகை, கீழே சாய்ந்து நிற்கும் தகட்டுக் கால்.

இரண்டாம் உலகப் போரில் இரும்பு கிடைக்காதபோது நாற்காலியை முழுக்க மரத்திலேயே செய்தார். 1944-ல் நான்சி விடுதலையானதும் கொஞ்ச காலம் மேயராகவும் இருந்தார். 1947-ல் மாக்ஸேவில் என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை. வரைபவரும் வெல்டிங் வைப்பவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். காலையில் வரைந்ததை உடனே செய்து பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடலாம்.

இனிமேல்தான் நம் காமர்ஸ் பாடம். தொழிற்சாலை வளரப் பணம் வேண்டும். ஒரு அலுமினிய நிறுவனம் முதலீடு போட்டது. மெல்ல மெல்லப் பெரும்பான்மைப் பங்கு அவர்கள் கைக்குப் போனது. வடிவமைப்பு தனி, பட்டறை தனி என்று பிரித்தார்கள். 1953-ல் புரூவே தன் சொந்தத் தொழிற்சாலையை விட்டு வெளியேறினார்.

திறமை போய்விடவில்லை. 1971-ல் பாரிசின் பொம்பிடு மையக் கட்டடத்துக்கு வடிவம் தேர்ந்தெடுத்த நடுவர் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1984-ல் காலமானார். 1950களில் மாணவர் விடுதிக்காக அவர் செய்த மேசைகள் பிற்காலத்தில் பெரும் விலைக்கு ஏலம் போயின. நம் ஹாஸ்டல் மெஸ் மேசையை நினைத்துப் பாருங்கள்! ஆனால் அந்தத் தொழிற்சாலை மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இதை ஏன் எழுதுகிறேன்? போன மாதம் அப்பாவின் பட்டறையில் பணம் போட ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான். புது மெஷின், பெரிய ஷெட், எல்லாம் செய்யலாம் என்றார். பங்கு மட்டும் 51 சதவீதம் வேண்டுமாம். "நீதானே பி.காம் படிக்கிறே, சொல்லுடா" என்று அப்பா கேட்டார். அவருக்குப் புரூவே கதையைச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அந்த ஆள் காலை எங்க அகலமா வெக்கணும்னு தெரிஞ்சவரு, இதுல கோட்டை விட்டுட்டாரே" என்றார்.

"பணம் வாங்கலாம்ப்பா. 49-க்கு மேல வேண்டாம்" என்றேன். வந்தவர் இன்னும் பதில் சொல்லவில்லை. பட்டறை அதே பழைய ஷெட்டில்தான் ஓடுகிறது.

நான் சொன்னது சரியா நண்பர்களே? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?