அலியை வீழ்த்திய கம்ப்யூட்டர்

பிராட்மன் இன்றைக்கு இருந்தால் பும்ராவைச் சமாளிப்பாரா என்று பேசாத கிரிக்கெட் ரசிகர் உண்டா? நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் பாதி இந்த மாதிரி விவாதத்திலேயே போகும். யாரும் ஜெயித்ததில்லை, யாரும் விட்டுக்கொடுத்ததும் இல்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு அவரவர் சீட்டுக்குப் போய்விடுவோம். ஆனால் இதே வெட்டிப் பேச்சு, அமெரிக்காவில் ஒரு தடவை கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. விஷயம் குத்துச்சண்டை. வழக்குப் போட்டவர் முகமது அலி.

1967-ல் மயாமியைச் சேர்ந்த மர்ரி வொரோனர் என்ற ரேடியோ தயாரிப்பாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்கள் 16 பேரை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டால் யார் மிஞ்சுவார்? மனிதனைக் கேட்டால் பாரபட்சம் பார்ப்பான், கம்ப்யூட்டரைக் கேட்போம் என்று முடிவு செய்தார். என்.சி.ஆர். 315 என்ற இயந்திரம்; ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் காலத்து ரகம். ஒவ்வொரு வீரருக்கும் வேகம் எவ்வளவு, குத்தின் பலம் எவ்வளவு, அடி வாங்கித் தாங்கும் சக்தி எவ்வளவு என்று நிபுணர்களிடம் கேட்டு மதிப்பெண்களாக்கி உள்ளே செலுத்தினார்கள். அது துப்பியதை வைத்துக்கொண்டு, கூட்டத்தின் ஆரவாரமெல்லாம் சேர்த்து, நேரடி வர்ணனை மாதிரியே ரேடியோவில் ஒலிபரப்பினார்கள். ஜனங்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். இறுதிப் போட்டியில் ராக்கி மார்சியானோ ஜாக் டெம்ப்ஸியை நாக்-அவுட் செய்தார்.

அலி கால் இறுதியிலேயே வெளியேறிவிட்டார். அவரை வென்றதாக இயந்திரம் சொன்ன ஆள் ஜிம் ஜெஃப்ரீஸ்.

இந்த ஜெஃப்ரீஸ் 1899 முதல் சாம்பியனாக இருந்தவர். பட்டத்தை வைத்திருந்த வரையில் கறுப்பரோடு மோத மாட்டேன் என்று மறுத்தவர். தோல்வியே இல்லாமல் 1905-ல் ஓய்வு பெற்றார். பிறகு ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் சாம்பியனானதைப் பொறுக்க முடியாமல், வெள்ளை இனத்தின் மானத்தைக் காப்பாற்ற வா வா என்று பலர் கூப்பிட, உடம்பை இளைத்துக்கொண்டு திரும்பி வந்தார். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். 15-வது ரவுண்டில் ஆட்டம் முடிந்தது, ஜான்சனுக்கே வெற்றி. அதன் பிறகு பல ஊர்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்களும் போயின.

அப்படிப்பட்ட ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றார் என்று ரேடியோ ஊரெல்லாம் சொன்னால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அப்போது அவர் நிலைமையும் அப்படி. வியட்நாம் போருக்கு ராணுவத்தில் சேர மாட்டேன் என்று 1967 ஏப்ரலில் மறுத்ததால் பட்டமும் லைசென்ஸும் பறிபோயின. ஜூனில் 5 வருட சிறைத் தண்டனை, 10,000 டாலர் அபராதம். அப்பீல் செய்து வெளியில் இருந்தார், ஆனால் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டதால் வெளிநாட்டில் போய்ச் சண்டை போடவும் வழியில்லை. வயது 25. நிஜ ரிங்கில் யாரும் அவரைத் தோற்கடித்ததில்லை. உள்ளே இறங்கவும் விடவில்லை. இந்த நேரத்தில் ஒரு மிஷின் வந்து தோற்கடித்தது. என் பெயரைக் கெடுத்துவிட்டார்கள், 10 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடு என்று வழக்குப் போட்டார்.

இயந்திரத்துக்குப் பாரபட்சம் கிடையாதுதான். ஆனால் அதற்கு மதிப்பெண் கொடுத்தவர்கள் மனிதர்கள். அலியை அன்றும் கேசியஸ் க்ளே என்றே எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையாளர்கள் ஏராளம். அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. அலிக்கு அடி தாங்கும் சக்தி எவ்வளவு என்று 1967-ல் எந்த நிபுணரால் சொல்லியிருக்க முடியும்? அதுவரை அவர் அடி வாங்காமல் நழுவுவதில்தான் பேர் பெற்றவர். 1971-ல் ஃப்ரேஸியருடன் 15 ரவுண்டு, 1974-ல் கின்ஷாஸாவில் கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மனின் குத்தையெல்லாம் வாங்கி 8-வது ரவுண்டில் அவரையே சாய்த்தது, 1975-ல் மணிலாவின் 14 ரவுண்டு, எல்லாம் பிற்பாடு வந்தவை. எழுதாத பரீட்சைக்கு மார்க் போட்ட கதைதான்.

விதிகளும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1919-ல் டெம்ப்ஸி, முதல் ரவுண்டிலேயே ஜெஸ் வில்லர்டை 7 தடவை கீழே தள்ளினார். விழுந்தவர் எழுந்திருக்கும்போதே பக்கத்தில் நின்று மறுபடி குத்த அன்று தடையில்லை. 1927-ல் சிகாகோவில், எதிராளி விழுந்தால் தூர மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்ற விதியை அமல்படுத்தினார்கள். பழக்க தோஷத்தில் டெம்ப்ஸி உடனே நகராததால் எண்ணுவது தாமதமாகி, ஜீன் டன்னி எழுந்து ஆட்டத்தையும் வென்றுவிட்டார். அப்படியானால் கம்ப்யூட்டருக்குள் இறக்கியது எந்த டெம்ப்ஸியை?

காலம் தாண்டிய மோதல் நிஜத்தில் நடக்காமலும் இல்லை. வருமான வரிக் கடனுக்காக 37 வயதில் ரிங்குக்குத் திரும்பிய ஜோ லூயிஸை, 1951 அக்டோபர் 26 அன்று இளைஞர் மார்சியானோ 8-வது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். லூயிஸ் அவருடைய ஆதர்ச வீரர். ஜெயித்த பிறகு அழுதுவிட்டார் என்பார்கள். 1980 தொடக்கத்தில் அலி மெட்ராஸ் வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதே வருஷம் அக்டோபரில், தன்னோடு பயிற்சிக்கு நின்ற லேரி ஹோம்ஸிடமே அடி வாங்கி, 10 ரவுண்டோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இந்த இரண்டு முடிவுகளையும் வைத்துக்கொண்டு லூயிஸைவிட மார்சியானோ, அலியைவிட ஹோம்ஸ் என்று யாராவது சொல்வார்களா?

வழக்கு சமரசத்தில் முடிந்தது. அலிக்கு 10,000 டாலர். பதிலுக்கு மார்சியானோவுடன் மோதுவதுபோல் கேமரா முன் நடிக்க வேண்டும். கை நிறையச் சம்பாதிக்க வேண்டிய வயதில் அந்தப் பணம்கூட அவருக்குத் தேவையாக இருந்தது. 49 போட்டியில் 49-ம் ஜெயித்த மார்சியானோ, ரிங்கை விட்டு 13 வருஷம் ஆகியிருந்தது. ஏறக்குறைய 50 பவுண்டு எடை குறைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். 1969-ல் மயாமி ஸ்டூடியோ ஒன்றில் ஒரு நிமிட ரவுண்டுகளாகச் சுமார் 70 எடுத்தார்கள். முடிவுகளும் பல விதமாக எடுத்தார்கள். எது படத்தில் வரும் என்று இருவருக்கும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அங்கே நன்றாகவே பழகினார்களாம்.

என்னைக் கேட்டால், 1966-ன் அலிதான். மார்சியானோவுக்கு விரித்த கை நீளம் 68 அங்குலம், அலிக்கு 78. போதாததற்கு மார்சியானோவின் முகம் சீக்கிரம் கிழியும். 1954-ல் எஸார்ட் சார்ல்ஸ் அவர் மூக்கையே பிளந்துவிட்டார். எப்படியோ 8-வது ரவுண்டில் நாக்-அவுட் செய்து தப்பித்தார். அலியின் இடது கைக்கு முன் அத்தனை நேரம் கிடைத்திருக்காது. வட சென்னை நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். மார்சியானோவை யாரும் ஜெயித்ததில்லையே சார் என்பதோடு அவர் வாதம் முடிந்துவிடும்.

படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், ஆகஸ்ட் 31 அன்று, அயோவாவில் சிறிய விமானம் ஒன்று விழுந்து மார்சியானோ இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்தநாள். படம் 1970 ஜனவரி 20-ல் ஒரே இரவுக் காட்சியாகச் சுமார் 1,500 தியேட்டர்களில் ஓடியது. 13-வது ரவுண்டில் மார்சியானோ நாக்-அவுட் செய்து ஜெயிக்கிறார். அந்த வெற்றி அவருக்குத் தெரியாமலே போனது. அலியோ, அந்தக் கம்ப்யூட்டரை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். நிறவெறிக்குப் பேர்போன மாநிலம் அது.

அதே 1970-ல், அக்டோபர் 26 அன்று, அட்லாண்டாவில் அலியை மறுபடி நிஜ ரிங்கில் ஏற விட்டார்கள். லூயிஸ் விழுந்த அதே தேதி. எதிரே ஜெர்ரி குவாரி. கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் நிற்காததால், மூன்றே ரவுண்டில் அவரை நிறுத்திவிட்டார்கள்.